ஒரே கல்லில் கடைந்த தூண்கள்

மெல்பேர்ண் நகர நடுவிலுள்ள அந்தக் கோதிக் மாளிகையின் பொன்பூச்சுக் கூரையின் கீழேதான் தன் கழுத்தில் தாலி ஏறவேண்டும் என்பது என் மகளின் ஆசை. தங்கம் தோண்டப்பட்ட காலத்தில், வங்கி நடத்திய ஒருவர் தமக்கென எழுப்பிய இல்லம் அது; இப்போது விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கூர்நுனி வளைவுகள், கல்லில் செதுக்கிய கொடிகள், நிறக்கண்ணாடிச் சாளரங்கள். வட்டிக்குக் கடன் கொடுத்தவர் தம் வீட்டை ஏன் தேவாலயம் போலக் கட்டினார்? வங்கியில் பணம் போடுபவர் மறுகேள்வி கேளாதிருக்கவே என்று, மனைவியோடும் மகளோடும் அதைப் பார்க்கப் போன அன்று வாசலிலேயே எனக்குத் தோன்றிவிட்டது.

தூண்கள் யாவும் ஒரே கல்லில் கடைந்தவை என்றார் மண்டபப் பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண்மணி. ஆனால் ஓமம் வளர்க்க மட்டும் அனுமதியில்லையாம், பழங்கட்டட விதியாம். எந்த விதி என்று கேட்டேன். புன்னகைத்தார். நம் சடங்கைத்தான் நாசூக்காக விலக்குகிறாரோ?

கைபேசியின் திசைகாட்டியை ஏந்தி மண்டபத்தை அளந்து நடந்தேன். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர வேண்டுமானால், மணவறை மேற்குக் கோடியில் இரு தூண்களுக்கிடையே அமையவேண்டும். அவை கல்தானா என்று விரல் மடக்கித் தட்டினேன்.

“என்னப்பா, தேங்காயே வாங்க வந்தனீங்கள்?” என்றாள் மனைவி. “முத்தலோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

முதல் தூண் கல்லாகவே ஒலித்தது. மற்றது வெறும் பெட்டிபோல் ஒலித்தது.

பொறுப்பாளர் விரைந்து வந்தார். திசைகாட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து, நான் மாநகரசபை அனுப்பிய ஆளா என்று வினவினார். அதுவரை ஐயுற்றது நான் மட்டுமே என்றிருந்தேன்.

“சும்மா இருங்கோ அப்பா!” என்று என்னிடம் சீறிய மகள், மணவறைக்குத் திசை பார்ப்பது எங்கள் வழக்கம் என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். அதன்பிறகே உண்மை வந்தது. உடைந்த கற்றூணுக்குப் பதிலாக எப்போதோ மரத்தூண் நிறுத்தி, பளிங்குக் கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். அதனருகில் தீ ஆகாது. வெளியே சொன்னால் மண்டபத்தின் பெருமை குறையும் என்று மறைத்தாராம்.

“அப்ப நாங்கள் வழக்கமாப் போற பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயிலிலை தாலியைக் கட்டுவம்,” என்றாள் மனைவி. “இஞ்ச சாப்பாடு மட்டும்.”

மகள் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

“ஓகே, அம்மா.”

சம்மதமா கோபமா என்று அக்குரலிலிருந்து பிரித்தறிய இயலவில்லை. கார் நின்ற இடம்வரை அவள் முகத்தையே கவனித்துக்கொண்டு நடந்தேன்.