சாப்பிடாத ஒருத்தி

ராய்கட் பக்கத்தில் புது இரும்பாலை வரலாமா என்று ஊரைக் கேட்க அதிகாரிகள் வந்த அன்று, காரியக்காரனான கம்பெனிக்காரன் முதலில் ஊருக்கே பந்தி வைத்துவிட்டான். பழைய ஆலைப் புகைக்குப் புருஷனைப் பறிகொடுத்த பைசாகினுக்கு அன்று ஏகாதசி விரதம். அவள் பந்திப் பக்கமே போகவில்லை.

கூட்டம் தொடங்கியதும் பைசாகின் தன் தோழி மங்தீனை இடித்தாள். "எந்திரிச்சுப் பேசேன்டி."

"அவன் உப்பத் தின்னுட்டு அவனையே எப்படிடி எதுக்கிறது? நீதான் திங்கலையே, நீ பேசு."

பைசாகின் எழுந்தாள். கறுத்துப்போன கிணற்றையும் புருஷனின் இருமலையும் எடுத்துச் சொன்னாள்.

"இந்தம்மா சொல்றத ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் அதிகாரி.

ஒரு கையும் எழவில்லை. மங்தீன் தன் வலக்கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். கழுவியும் பருப்பு வாசம் போகாத கை.