தேவகி அக்கா காரணம் சொல்ல முடியாமல் கேட்ட லீவு

தேவகி அக்காவைக் கொன்றது நாங்கள் வேலை பார்க்கிற கடை. மருத்துவமனை கொடுத்த தாளில், கிருமித் தொற்று இரத்தத்தில் பரவியதால் மரணம் என்று இருக்கிறது. அதுவும் சரிதான். அந்தக் கிருமி பரவுவதற்கு வேண்டிய நாட்களைக் கொடுத்தது யார் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் மகள் செல்வி அழைத்தாள். "அம்மா பூட்டாங்கக்கா" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே படியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர், "போன் பேசணும்னா ஓரமா நில்லும்மா" என்று இடித்துக்கொண்டு போனார். ஓரமாக நின்றேன். வேலைக்கும் துணி வாங்கவும் தி. நகருக்குள் போகிற அத்தனை பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். அக்கா இறந்துவிட்டார் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒருவரும் இல்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தி. நகரின் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில், உள்பாவாடைப் பிரிவில் பல ஆண்டுகள் நின்றவர் தேவகி அக்கா. நின்றவர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். விற்பனைப் பெண்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எங்கள் பிரிவுக்கு நாற்காலியும் வந்தது. அதில் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது.

பி.காம். முடித்து, வேறு வேலை கிடைக்காமல் நான் அங்கே சேர்ந்த முதல் நாள், பாவாடையை மடித்த லட்சணத்தைப் பார்த்து, "இன்னாடி இது, காலேஜ் மடிப்பா?" என்றார். பிறகு அவரே மடித்து வைத்தார். வாடிக்கையாளர்களிடமும் அதே வாய்தான். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி, அரக்கு நிறத்தில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, "இன்னும் ஒரு பொட்டு டார்க்கா இருந்தா தேவலை" என்றார்.

"மாமி, உள்ள போறதுதானே. யார் பாக்கப் போறாங்க?"

"பீச்சுல காத்தடிச்சா தெரியாதாடி?"

"நீங்க பீச்சுக்குப் போற அன்னிக்கு என்னையும் கூட்டினு போங்க. பொடவையப் புடிச்சுக்கினு பின்னாலயே வரேன்."

மாமி சிரித்துவிட்டு மூன்று வாங்கிக்கொண்டு போனார்.

இவ்வளவு பேசுகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தனியாகப் போவார். மொட்டை மாடிக் கொட்டகையில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து குழம்பை மாற்றிக்கொள்வோம். அக்கா தண்ணீர்த் தொட்டியின் மறுபக்கம், காற்று போகிற திசையைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். "சீனியர்ல, அந்தத் திமிரு" என்று மற்ற பெண்கள் சொன்னார்கள். ஒரு நாள் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன்.

"தள்ளி உக்காரும்மா."

"ஏன்க்கா?"

அவர் டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "உனக்கு நாத்தம் வர்ல?" என்றார்.

எனக்குப் பவுடர் வாசனையும், காயம் கழுவுகிற கிருமிநாசினியின் நெடியும்தான் வந்தன. அன்றுதான் சொன்னார். பல மாதங்களாக வெள்ளைப்படுகிறது, அரிப்பும் நாற்றமும் இருக்கிறது. தினமும் காலையில் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து உள்ளே வரை கழுவுகிறார். நாற்றம் கூடக்கூட மருந்தையும் கூட்டினார்.

"சூடும்மா. நின்னுக்கினே கீறோம் இல்ல, ஒடம்பு சூடாயிடுச்சு. மோர் குடிக்கிறேன், வெந்தயம் சாப்புடுறேன். எறங்க மாட்டேங்குது."

எங்கள் கடையில் எல்லா நோய்க்கும் சூடு என்றுதான் பெயர். வெள்ளைப்பட்டாலும் சூடு, சிறுநீர் எரிந்தாலும் சூடு. அது ஏன் எரிகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மாடிக்கு ஒரு டோக்கன். மேற்பார்வையாளரின் மேசையில் தொங்கும் அந்த டோக்கனை எடுத்துக்கொண்டுதான் பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டும். ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். பண்டிகைக் கூட்டத்தில் டோக்கன் டிராயருக்குள் போய்விடும். ஆண்கள் நடுவே கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பயந்து நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் வைத்த நாப்கினோடு மாலை வரை நிற்கிறோம். அக்காவுக்கு இதோடு பேருந்துப் பயணமும் உண்டு. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். விடிவதற்கு முன் கிளம்புகிறவருக்கு, கடைக்கு வரும்வரை ஒதுங்க இடமில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஒருமுறை போயிருக்கிறார். அந்த டாக்டர் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி, "புருஷன் கூட இருக்கியா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. அக்கா மருந்து வாங்காமலே திரும்பிவிட்டார்.

அடுத்த வார விடுமுறையில் மயிலாப்பூரில் ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். திரை போட்டுச் சோதித்தார், இரத்தமும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை ஏறியிருந்தது. அது அதுவரை அக்காவுக்குத் தெரியாது.

"சர்க்கரை இப்படி இருந்தா கிருமியோட சண்டை போட உடம்புக்குத் தெம்பு இருக்காதும்மா. அதோட, அந்த இடத்துக்குன்னு உடம்பே சில நல்ல கிருமிங்களைக் காவலுக்கு வெச்சிருக்கும். கெட்டது உள்ள ஏறாம அதுங்கதான் பார்த்துக்கும். நீங்க மருந்து ஊத்தி ஊத்திக் காவலையே கொன்னுட்டீங்க."

"அப்ப சுத்தமா இருந்ததுதான் தப்பா டாக்டர்?"

"வெளியில வெறும் தண்ணி போதும். உள்ள எதுவுமே வேணாம். தண்ணி நிறைய குடிங்க, சிறுநீரை அடக்காதீங்க."

"குடிச்சா எங்க போறது டாக்டர்?" என்று அக்கா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அடிவயிற்றில் அழுத்தியபோது அக்காவுக்கு வலித்திருந்தது. கிருமி கருப்பைக்கு மேலே ஏறியிருக்கலாம், மாத்திரையை முழுவதும் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் ஸ்கேனுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். இறங்கி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாபம் இல்ல, நோவுதான்" என்றார். அதற்கு முன் அதை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடி. வார விடுமுறையை ரத்து செய்தார்கள். என்னை வேறு மாடிக்கு அனுப்பினார்கள். ஸ்கேனுக்காக அக்கா மேற்பார்வையாளரிடம் லீவு கேட்ட அன்று மாலை, பேருந்து நிறுத்தத்தில் அவர் சொல்லித்தான் நடந்தது தெரியும்.

"லீவு கேட்டேன். இன்னா ஒடம்புக்குன்னாரு. சுத்தி அத்தினி ஆம்பளைங்க, பில் போட நிக்கிற கஸ்டமரு. இன்னான்னு சொல்றது? தலவலின்னேன். தலவலிக்கெல்லாம் ஆடியில லீவான்னுட்டாரு."

"நாளைக்கு நான் சொல்றேன்க்கா."

"சொன்னே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

தள்ளுபடி முடியட்டும் என்றார். மாத்திரையில் நாற்றம் குறைந்திருந்ததால் நோயும் போய்விட்டது என்று நம்பினார். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி மறு கையால் பாவாடை எடுத்துப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்தின் நடுவே துணிக் குவியல் மேல் சரிந்தார். அரசு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தபோது, கருக்குழாய் அருகே கட்டிய சீழ் உடைந்து உள்ளே பரவியிருந்தது.

அறுவைக்குப் பிறகு ஒருமுறை பேசினார். செல்வி கட்டிலருகே இருந்தாள். சிறுநீர்க் குழாயையும் அது போய்ச் சேரும் பையையும் காட்டி, "பாரேன், டோக்கன் இல்லாமயே போய்க்கினு கீது" என்றார். நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் வாயத் தொறக்காதது போதும். தேவகிக்கு இன்னா ஆச்சுன்னு நம்ம பொண்ணுங்க கிட்ட சொல்லு. எம் பேரு சொல்லியே சொல்லு. இல்லன்னா சூடு சூடுன்னு மோரு குடிச்சுக்கினே இருக்கப் போவுதுங்க" என்றார்.

செல்வியைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள்.

அடக்கத்துக்குக் கடையிலிருந்து மாலை வந்தது. விடுப்பு கொடுக்காததால் எங்கள் மாடியிலிருந்து, சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று நான் மட்டும் போனேன். மறுநாள் காலை, ஊழியர்கள் நுழையும் வழியில் அக்காவின் படம் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் முகம் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது. கீழே, உடல்நலக் குறைவால் காலமானார் என்று அச்சிட்டிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகப் பூ போட்டார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "சூட்டுலதான் இப்டி ஆயிருக்கும், பாவம்" என்றாள்.

போய் வாருங்கள் அக்கா. சிரிக்கவும் சண்டை போடவும் எனக்கு அங்கே இனி யாரும் இல்லை.

படத்தின் அருகே மேலாளர் கைகட்டி நின்றார். அக்காவிடம் காரணம் கேட்ட மேற்பார்வையாளரும் அவர் பக்கத்தில் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சார், இதைக் கிழிச்சிட்டு வேற ஒட்டுங்க. வெள்ளைப்படுதல்னு ஆரம்பிச்சுக் கருப்பைக்கு ஏறின கிருமியால செத்தாங்கன்னு எழுதுங்க. டாக்டரைப் பார்க்க லீவு கேட்டாங்க, நாம தரலைன்னும் எழுதுங்க. அவங்களே சொல்லச் சொன்னாங்க. எழுதுவீங்களா சார்?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. ஷட்டரைத் தூக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.