சுவரில் நாங்கள் வரைந்த சத்தங்கள்

மன்னார்க் கரையிலிருந்து படகில் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, பிறகு ஏற்காட்டு மலைக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய கிடங்கை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். தகரக் கூரை, நீண்ட சுவர்கள், நடுவில் சாக்குத் திரை கட்டிப் பிரித்த குடித்தனங்கள். குளிர் எங்களுக்குப் புதிது, ஆனாலும் அதைச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாமல் இருந்தது சத்தம்தான்.

கிடங்குக்கு மேலே ஒரு கல்குவாரி இருந்தது. மத்தியானச் சோற்று நேரம் தாண்டியதும் அங்கே வெடி வைப்பார்கள். தகரம் கடகடவென்று ஆடி ஓயும். அது ஓயும்போது எங்கள் பிள்ளைகள் ஒருவரும் கண்ணில் படமாட்டார்கள். சாக்குக் குவியலுக்குள்ளும் பெட்டிகளுக்குப் பின்னாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்து கிடப்பார்கள். ஊரில் ஹெலிகொப்டர் வந்து சுட்ட நாட்களில் நாங்கள்தான் அவர்களுக்கு அப்படிக் கிடக்கப் பழக்கியிருந்தோம்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் அழுவதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"ஆர் அம்மா சுட்டது?"

பலாக்காய் விழுந்தாலும் அதே கேள்வி. பஸ் வளைவில் ஹாரன் அடித்தாலும் அதே கேள்வி.

பக்கத்து லயத்தில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த காப்பிப் பழம் பறிக்கும் பெண் ஒருத்தி வெடி வைக்கும் நேரம் பார்த்து எங்களிடம் ஓடி வருவாள். "ஏனுங்க, பாறைக்கு வெடி வெக்கறாங்க, நம்மளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்பாள். சாக்குக்குள் கிடக்கும் பிள்ளைகளிடம் குனிந்து, "பயப்படாத சாமி, வெளிய வா கண்ணு" என்று கூப்பிடுவாள். யாரும் வரமாட்டார்கள்.

நானும் மகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒருத்தரும் சுடேல்லை. கல்லு உடைக்கினம்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

நான் கண்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டால் நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறவள்தான்.

எங்களோடு ஒரு அக்கா இருந்தார். ஊரில் தையல் வகுப்பு நடத்தியவர். தலையணை உறைகளில் பூவும் மயிலும் கீறிக் கொடுத்துப் பெண்களை அதன்மேல் தைக்கப் பழக்குவார். படம் வரைவதைக் கீறுவது என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். என் மகளின் கேள்வியை அவரிடம் சொன்னேன்.

"பிள்ளை சரியாத்தானே கேட்டிருக்கு. நாங்களே காணாததை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது? வா, போய்ப் பாப்பம்."

மறுநாள் பெண்கள் நாலைந்து பேர் குவாரிக்குப் புறப்பட்டோம். பழம் பறிக்கும் பெண் வழி காட்டினாள். அங்கே ஒருவர் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்து விசில் ஊதினார். வேலையாட்கள் சிரித்துப் பேசியபடியே வந்து மரங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். ஒருவர் பீடியைப் பற்ற வைத்தார். வெடித்தது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தவளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். புழுதி மேலே எழும்பி மெல்லப் படிந்தது. ஒளிந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒரு அம்மா தூக்குவாளியில் டீ கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தார்.

"ஒருத்தரும் சாகேல்லை" என்றார் அக்கா. இறங்கி வரும் வழியிலும் அதையே திரும்பச் சொன்னார். அப்புறம் நின்று, "இதை அப்பிடியே சுவரில கீறுவம்" என்றார்.

எஸ்டேட் ரைட்டரிடம் அனுமதி கேட்கப் போனோம். கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான். "சாமி படமுங்களா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, உங்கட குவாரி" என்றார் அக்கா. ரைட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பங்களாவுக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு, சிமெண்டுத் தரைக்குப் பூசும் சிவப்புக் காவி, கொஞ்சம் நீலம் எல்லாம் அன்றைக்கே ஆள் மூலம் வந்து சேர்ந்தன. பச்சை எங்களிடம் இல்லை, இலைகளைக் கரியால்தான் போட்டோம்.

அக்கா ஒரு விதி வைத்தார். கண்ணால் பார்க்காத எதையும் கீறக் கூடாது. ஆகவே பிள்ளைகள் பயப்படும் சத்தங்களில் ஆளுக்கொன்றைத் தேடிப் போனோம். நான் பல்பர் வீட்டுக்குப் போனேன், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம் ஓடும் இடம் அது. அதன் இரைச்சல் படகு இயந்திரத்தின் இரைச்சலைப் போலவே இருந்தது. வாசலில் நின்று திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு உள்ளே போய், பழம் ஒரு பக்கம் விழுந்து கொட்டை மறுபக்கம் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னொருத்தி பஸ் ஹாரன் அடிக்கும் கொண்டை ஊசி வளைவுக்குப் போனாள். மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் போகாதவள், குரங்கு விரட்ட வேட்டுப் போடும் காவல்காரரிடம் போய் அவருடைய துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் கீறிய குரங்குதான் அந்தச் சுவரிலேயே அழகு. கோட்டில் பயமே இல்லை.

எல்லாவற்றையும் பிள்ளைகளின் உயரத்தில் கீறினோம், கை வைத்துப் பார்க்கிற மாதிரி. முதல் நாளே ஒரு தவறு நடந்தது. சூரியனுக்கு மஞ்சள் வேண்டுமென்று சமையல் மஞ்சளை ஈரச் சுண்ணாம்பின் மேல் பூசினோம். கண் முன்னாலேயே அது இரத்தச் சிவப்பாகிவிட்டது. பார்த்த ஒரு பிள்ளை வீரிட்டு அலறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் ஆகும் என்பது எங்கள் ஒருவருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவசர அவசரமாக வெள்ளை அடித்து மறைத்தோம். சூரியன் இல்லாமலே அந்த மலை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். ஏற்காட்டு மூடுபனியில் அது பொய்யுமில்லை.

ஹெலிகொப்டரைப் பற்றித்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. பிள்ளைகளே கேட்டார்கள், அது எங்கே என்று. "அதைக் கீறினால் நான் இந்தச் சுவர்ப் பக்கம் வரமாட்டன்" என்றாள் ஒரு தாய். அவளுடைய மூத்த பிள்ளை ஊரில் அதன் சூட்டில்தான் செத்துப்போனது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு மற்றப் படங்களைக் கீறினோம். இரண்டு நாள் கழித்து அவளே அக்காவிடம் வந்து சொன்னாள்: "கீறுங்கோ. ஆனால் அது போற மாதிரிக் கீறுங்கோ."

மேலே, பெரியவர்களுக்கும் எட்டாத உயரத்தில், ஸ்டூல் போட்டு ஏறி அக்கா அதைக் கீறினார். காக்கையை விடச் சின்னது. வால் எங்கள் பக்கம் இருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தத் தாய்.

சுவர் முடிந்தபின் வந்த முதல் வெடியை நான் மறக்கமாட்டேன். விசில் சத்தம் லேசாகக் கேட்டது. அதுவரை கிடங்கில் இருக்கும்போது அந்த விசிலை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. என் மகள் சாக்குக் குவியலைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். ஓடிப்போய்ச் சிவப்புக் கொடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடித்தது. அவள் தோள் குலுங்கியது, ஆனால் கையை எடுக்கவில்லை. புழுதிக்கு நகர்ந்தாள், அதிலிருந்து தூக்குவாளிக்கு நகர்ந்தாள்.

"இப்ப தேத்தண்ணி குடிக்கினம்" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் அன்றைக்கே வந்துவிடவில்லை. சிலருக்கு வாரக்கணக்கானது. ஒரு சின்னப் பிள்ளை கடைசிவரை தாயின் இடுப்பிலிருந்துதான் சுவரைத் தொட்டது. ஆனாலும் சாக்குக் குவியல் மெல்ல மெல்ல வெறும் சாக்குக் குவியலாக மாறியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் எஸ்டேட் சனங்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். வாழவந்திக் கிராமத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். ரைட்டர், சுவரில் நாங்கள் கீறியிருந்த தன் குடையைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். பழம் பறிக்கும் பெண் சுவரின் ஓரத்தில் கீறியிருந்த, கிடங்கு வாசலில் குனிந்து நிற்கும் ஒருத்தியை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நானுங்களா?"

"வேற ஆர்? நீங்கள் ஓடிவாற சத்தமும் எங்களுக்குத் தெரியுமே" என்றார் அக்கா.

"நொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க ஊட்டுலகூட என்னைய ஆரும் படம் புடிச்சதில்லீங்க" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் பிள்ளைகளை இழுத்துவந்து காட்டினாள்.

தொண்ணூறில் ஊரில் மறுபடி சண்டை மூண்டு, புதிய குடும்பங்கள் அந்தக் கிடங்குக்கு வந்தன. அவர்கள் வந்த அன்று மத்தியானமும் வெடி வைத்தார்கள். சாமான் மூட்டைகளுக்குள் அவர்களுடைய பிள்ளைகள் பதுங்கினார்கள். நான் அடுப்பை விட்டு எழுந்து வருவதற்குள் பத்து வயதாகியிருந்த என் மகள் அவர்களிடம் போய்விட்டாள். ஒரு பெண்பிள்ளையின் கையைப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொடி, மரம், பீடிக்காரர், புழுதி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். பேச்சில் பாதி எங்கள் ஊர்த் தமிழ், பாதி சேலத்துத் தமிழ். எங்களில் யாரும் அவளுக்கு அப்படிச் செய் என்று சொன்னதில்லை.

அந்தப் பிள்ளையின் தாய் என்னிடம் வந்து, "இதை ஆர் கீறினது?" என்று கேட்டாள்.

"நாங்கள்தான்" என்றேன். என் கையில் அப்போது மாவு ஒட்டியிருந்தது. அவள் நம்பாதவள்போல என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவைக் கூப்பிட்டேன், குரங்கு கீறியவளைக் கூப்பிட்டேன், ஸ்டூலைப் பிடித்தவளையும் கூப்பிட்டேன். எல்லோரும் வந்து சுவருக்கு முன்னால் நின்றோம்.