கண்ணாடிக்காரரின் பிக்கப்

கண்ணாடிக்காரர் வண்டியை விற்கப்போகிறார் என்றதும் தெருவில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. பதினெட்டு வருஷத்து டீசல் பிக்கப் அது. பார்த்தால் போன வாரம் ஷோரூமிலிருந்து இறக்கியது போல இருக்கும். கதவு ரப்பரைக்கூடப் பழைய பனியனால் துடைத்து வைக்கிற மனுஷன் அவர். காய்ச்சலில் கிடந்தாலும் சரி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாலும் சரி, எண்ணெய் மாற்றுகிற நாள் வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

"பெத்த பிள்ளைங்களுக்கு எப்ப பல்லு முளைச்சுதுன்னு கேட்டா முழிப்பாரு. வண்டிக்கு எப்ப எண்ணெய் மாத்தினாருன்னு கேளுங்க, கிழமையோட சொல்வாரு" என்பாள் அவர் மனைவி. கேலிதான். ஆனாலும் அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

ஜன்னல் கண்ணாடி ஏற்றிப்போவது அவர் தொழில். கடையில் அறுத்துக் கொடுக்கும் கண்ணாடிகளை வண்டிக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் சாய்த்து, நடுநடுவே கம்பளித் துண்டு செருகி, கயிற்றால் இழுத்துக் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்தத் தொழிலுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பின்னால் கண்ணாடி லேசாகக் கிணுங்கினால் கட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பள்ளத்தில் எல்லாம் தூள். அத்தனை டீசல் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் கிணுங்கலைப் பிடிக்கிற காது அவருக்கு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் ஆளாகித் தனித்தனியாகப் போன பிறகு அவளும் வண்டியில் ஏற ஆரம்பித்தாள். கண்ணாடியின் ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனை அவள் கையில். சந்துகளில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பதும் அவள்தான்.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் டீவிச் சத்தம் கூடியது. "இந்த நியூஸ்காரனுக்குச் சாப்பாடே போட மாட்டாங்க போல, குரலே வர மாட்டேங்குது" என்றார். அப்புறம் கடைக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்தார், பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், ஊரே முணுமுணுத்தது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் ஒருமுறை வாயைத் திறந்தாள். "எனக்கென்ன கேடு?" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவளும் விட்டுவிட்டாள். விட்டது மட்டுமா, பூசி மெழுகவும் கற்றுக்கொண்டாள். போன் வந்தால் முந்திக்கொண்டு அவள் எடுப்பாள். யாராவது ஏதாவது கேட்டால் அவருக்கு முன்னால் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்து, அதையே திரும்பச் சொல்வாள். "ஏம்மா, எனக்கென்ன காது கேக்காதா?" என்பார். "கேக்கும் கேக்கும், யாரு இல்லேன்னா?" என்பாள். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. வீட்டு வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தை, இரண்டரை வயசு, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு எங்கிருந்தோ வந்து வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டது. பின்னால் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "நிறுத்துங்க!" என்று கத்தினாள். வண்டி வந்துகொண்டே இருந்தது. "ஐயோ, நிறுத்துங்க!" தெருவுக்கே கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பின்கதவில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். அந்த அதிர்வில் நிறுத்தினார். குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

அதன் அம்மா ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னால் வந்தது போதும் என்றுதான் தட்டுகிறாள் என நினைத்து, அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போதுமா?" என்று கேட்டார்.

"போதும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே, "எனக்கு முட்டி வலி தாங்கலைங்க. இனிமே ஏறி இறங்க முடியாது. வண்டியைக் குடுத்துடலாம்" என்றாள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. அவர் வாசலுக்குப் போய் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "நீ இல்லாம எனக்கெதுக்கு வண்டி" என்று ஒரு அட்டையும் பேனாவும் எடுத்து வந்து கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். விற்பனைக்கு. டீசல் பிக்கப். ஒரே கை. எஞ்சினில் சத்தம் இல்லை.

கடைசி வரியில் அவள் பேனா தயங்கியது. ஐந்து மாசமாக எஞ்சின் டக், டக் என்று தட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கேட்டுக்கொண்டு வருகிறவள் அவள். அதைச் சொன்னால், உங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மென்று முழுங்கிவிட்டு, எழுதிக் கொடுத்தாள். அவர் அட்டையை வண்டியின் முன்கண்ணாடிக்குள் செருகி வைத்தார்.

ஒரு சனிக்கிழமை காலை கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயசிருக்கும், விஷயம் தெரிந்த ஆள். முதல் வேலையாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பழைய டீசலை விற்கிற சில பேர், ஆள் வருவதற்கு முன்னாலேயே ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். குளிர்ந்திருந்தால்தானே குறை வெளியே வரும்!

"காலையிலேர்ந்து சாவியே போடல. நீங்களே போட்டுப் பாருங்க" என்று சாவியை நீட்டினார் கண்ணாடிக்காரர். முகமெல்லாம் பெருமை.

முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூடவே அந்த டக், டக், டக். வந்தவர் இறங்கிவந்து பானெட்டைத் தூக்கி, உள்ளே குனிந்துகொண்டே, "என்னங்கய்யா, எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டார்.

"பதினெட்டு வருஷமா. வேற ஒருத்தன் கை பட்டதில்ல" என்றார் இவர்.

வந்தவர் நிமிர்ந்தார். "சத்தத்தைக் கேக்கறேன்."

"சத்தமா? பொட்டுச் சத்தம் இருக்காதுங்க. பூ மாதிரி ஓடும். நீங்களே நின்னு கேளுங்க."

டக், டக், டக். வந்தவர் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "வயசுல பெரியவரு, அதனால சும்மா போறேன். ஆனா கூசாம இப்படிப் பொய் சொல்லக்கூடாதுங்க."

வார்த்தை எட்டவில்லையென்றாலும் அந்த முகம் அவருக்கு எட்டியது. மனைவி பக்கம் திரும்பி, "என்னவாம்? என்ன சொல்றாரு?" என்றார்.

அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். இந்த ஆளை இப்படியே அனுப்பினால், பொய்யன் என்ற பேர் மட்டும் மிச்சம். வண்டி விற்காது. திங்கட்கிழமை லோடு இருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எதிர்வீட்டுக் கதவு இன்னும் சாத்தித்தான் இருந்தது. சொன்னாலோ, முன்பின் தெரியாத ஆள் எதிரில் இவரைத் தலைகுனிய வைக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் யார் எதிரிலும் அவள் அதைச் செய்ததில்லை. பாவி, இதை நாலு சுவருக்குள் எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"எஞ்சின் தட்டுதுங்க. அஞ்சு மாசமாத் தட்டுது. உங்களுக்குக் கேக்கல." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களுக்குக் காது கேக்கலைங்க."

வந்தவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

கண்ணாடிக்காரர் கோபப்படுவார், கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் மெல்லப் போய் எஞ்சினுக்குள் கையை விட்டார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்கு அதைக் கொண்டுபோகும் நான்கு மெல்லிய குழாய்களையும் ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், டாக்டர் நாடி பார்ப்பது போல. மூன்றாவதில் விரல் நின்றது. ஸ்பேனரை எடுத்து அந்தக் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தி, அந்த நாசிலுக்கு மட்டும் டீசல் போகாமல் செய்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"தட்டறது நின்னுடுச்சுங்க" என்றாள்.

எஞ்சினை அணைத்தார். அட்டையை உருவி எடுத்தார். "மூணாவது நாசில்" என்றார் வந்தவரிடம். "புதுசு போட்டு வைக்கறேன். புதன்கிழமை வந்து கேட்டுப் பாருங்க. உங்க காதால கேட்டுட்டு எடுத்துக்குங்க."

"எடுத்துக்கறேன்யா. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றார் வந்தவர். அவள் அதைத் திரும்பச் சொன்னாள். அவர் தலையாட்டினார்.

வந்தவர் போன பிறகு பிக்கப்பின் பக்கத்திலேயே இரண்டு பேரும் நின்றார்கள். அட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "வேற என்னல்லாம் சொல்லாம வச்சிருக்கே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சொன்னாள். முட்டி வலி பொய் என்பதைச் சொன்னாள். வாளியை, கத்தியதை, பின்கதவில் அறைந்ததை, எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எவ்வளவு தூரத்தில் வண்டி நின்றது என்பதைக் கையால் காட்டினாள். அவர் அந்த இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போதுமான்னு கேட்டேன்" என்றார்.

"ஆமா."

"நீ போதும்னே."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு தெருவைக் கடந்து போனார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அளவு தெரியாமல் பலமாகத் தட்டினார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கி, மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள்.

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு குனிந்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்குக் காது கேக்காது."