பாயின்ட்டுக்கு ஒரு அட்டை

"பாயின்ட்டைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் போட்டுட்டேங்க்கா. இனிமே மலையேறும்போது நிக்காது."

திருப்பத்தூர் மெக்கானிக் அப்பாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பாயின்ட்டை என் கையில் வைத்தார். கருகிய வாடை அடித்தது.

எண்பத்தொன்றிலோ இரண்டிலோ, எனக்கு எட்டு வயது. நர்ஸாக இருந்த என் அம்மா ஜமுனாமரத்தூருக்குப் பிரசவம் பார்க்கப் புறப்பட்டாள். வண்டியோட்டிய அப்பாவுக்கு முன்னால் நான் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதைப் பனியில் வண்டி நின்றுவிட்டது. அப்பா தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் பாயின்ட்டைத் தேய்த்தார். அதன் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி பார்க்க வைத்திருந்த அட்டைத் துண்டைக் காணவில்லை.

"இன்னாங்க, அந்தப் பொண்ணு வலியில துடிச்சினு இருக்கும்," என்றாள் அம்மா.

ஞாயிறு பூசைக்கு எங்களை இறக்கிவிட்டு சர்ச் வாசலோடு திரும்பிவிடுகிற அப்பா கையை நீட்டினார்.

"ஜெபப் புத்தகத்துல மாதா படம் வெச்சிருப்பியே, அதக் குடு."

படத்தின் ஓரத்தை இடையில் செருகி, திருகை முடுக்கி, உதைத்தார். வண்டி எடுத்துக்கொண்டது. குழந்தை பிறப்பதற்குள் போய்விட்டோம்.

வீடு திரும்பியதும் அம்மா படத்தைக் கேட்டாள். "வண்டிக்கு வேணும்," என்றார் அப்பா. கடைசிவரை கொடுக்கவே இல்லை.

"டூல் பெட்டியில இது கெடந்துச்சு. தூக்கிப் போட்டுடட்டாக்கா?"

மெக்கானிக்கின் விரல்களுக்கிடையே மாதா. ஒரு ஓரம் முழுக்க மசகுக் கறுப்பு.

"வேணாம்ப்பா. பெட்டியிலயே இருக்கட்டும்."