அளவு எடுக்காத ஜாக்கெட் துணி

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு நீல ஜாக்கெட் துணி கிடக்கிறது. நான் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் கூடவே வந்தது. தைத்துப் போட்டுக்கொள்ள அது என்னுடையது அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் நீலசந்திராவில் ஒரு சந்து வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஓசூர்ப் பக்கம் செங்கல் சூளை, பிறகு கார்மென்ட்ஸ் என்று அலைந்தவள் நான்; எங்கும் ஒரு வருஷம் தங்கியதில்லை. அந்த வீட்டை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டோம். இலங்கையிலிருந்து தப்பி வந்த பெண்களும் அவர்களுடைய பெண்பிள்ளைகளும் மதியத்தில் அங்கே வருவார்கள். பிள்ளைகளுக்குப் பாடம், தாய்மாருக்கு மருந்து, பேச ஓர் இடம். அகதி என்று தெரிந்தால் வாடகை வீடு போய்விடும் காலம் அது. அதனால் அக்கா வாசலில் ஒரு பழைய தையல் மிஷினைப் போட்டிருந்தார். வருகிறவர்கள் கக்கத்தில் ஒரு ஜாக்கெட் துணியை இடுக்கிக்கொண்டு வருவார்கள். அதே துணியோடு திரும்புவார்கள். அக்கம்பக்கத்தார் நிஜமாகவே தைக்க வந்தால், மிஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்புவது என் வேலை. "எப்போ வந்தாலும் ரிப்பேரா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற பொழப்பப் பாருங்கம்மா" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

பண உதவி செய்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, மூன்று வருஷத் திட்டம் போட எல்லோரையும் உட்கார வைத்தார். ஆளுக்கொரு வண்ண அட்டை. மூன்று வருஷம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். பெண்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு தாய் மட்டும், "வாற மாசம் எங்க இருப்பம் எண்டே தெரியாது, ஐயா" என்றாள். அவள் மகள் அந்த வருஷம் பத்தாவது பரீட்சை எழுத இருந்தவள். "நான் நர்ஸா இருப்பன்" என்றாள். அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இந்தப் பொண்ணு இன்னும் எத்தன நாளைக்குத் துணிய இடுக்கிக்கிட்டு ஒளிஞ்சி ஒளிஞ்சி வருவா? திட்டத்துல மொதல் வேல, வாசல்ல போர்டு" என்றார். வந்தவர் தலையாட்டினார். எனக்கும் சரியென்றே பட்டது.

போர்டு மாட்டிய அன்று மிஷினை உள்ளே தள்ளினோம். அகதிப் பெண்கள் உதவி மையம் என்று தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்து. அந்தப் பெண் தன் நீலத் துணியை என் கையில் திணித்து, "இனி இது தேவையில்லைத்தானே? நீங்களே வச்சிருங்கோ" என்று சிரித்தாள்.

யார் யார் உள்ளே போகிறார்கள் என்று அடுத்த வாரமே வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். அந்தத் தாயையும் மகளையும் காலி செய்யச் சொன்னார்கள். தாய் வந்து சண்டை போடவில்லை. "ஏனக்கா எங்களைக் காட்டிக் குடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். பரீட்சைக்கு முன்பே ஊரை விட்டுப் போனார்கள். எங்கே என்று சொல்லவில்லை. அக்கா அன்றே ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றினார். மிஷினை மறுபடி வாசலுக்கு இழுத்தோம். ஒருத்தியும் துணியோடு வரவில்லை. எதிர்வீட்டுக்காரிகூடக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாள் அக்கா மதியத்தில் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டைக் காலி செய்தார். நானும் கிளம்பினேன்.

போன மாதம் அத்திபெலேயில் ஒரு தையல் கடையில் அந்தத் துணியை எடுத்து வைத்தேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. தையல்காரர் விரித்துப் பார்த்து, "நல்ல துணி. அளவு ஜாக்கெட் கொண்டு வந்தியாம்மா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப போடுறவங்களக் கூட்டிட்டு வா."

மடித்து வாங்கிக்கொண்டு வந்து, பெட்டியின் அடியில் திரும்ப வைத்தேன்.