ஒரே இன்னிங்ஸில் நான்கு அவுட்

என் கணவரின் தம்பி மன்னாரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டின் சின்ன அறையில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்கும் பிள்ளைகளின் பழைய சைக்கிளுக்கும் நடுவில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். அகதி விண்ணப்பம் கொடுத்திருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். பழைய சாமான் விற்கிற சேரிட்டி கடை ஒன்றில் பொறுக்கிக்கொண்டு வந்த டிவிடிகளில் அந்தப் படமும் இருந்தது. அமெரிக்காவின் பேஸ்போல் பகிடிப் படம். உலகத்திலேயே மோசமான அணி, தொந்தி தள்ளிய கோச், கடைசியில் கோப்பை. எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. பேஸ்போல் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் முதல் நாளே அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்கட எல்லே விளையாட்டுத்தான் அண்ணி. மட்டையாலை அடிச்சுப்போட்டு ஓடுறது. நான் மன்னாரிலை எங்கட கோயில் ரீமுக்கு விளையாடினனான்."

பார்த்த இடத்திலேயே திரும்பவும் சிரிப்பார். தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். வந்து நான்கு மாதத்தில் அவர் சிரித்து நாங்கள் கேட்டது அந்தப் படத்துக்குத்தான்.

எனக்கு அந்தச் சிரிப்புப் பொறுக்கவில்லை. காரணம் படம் அல்ல, நான்தான். ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் கடைசியாகச் சரிபார்ப்பது என் வேலை. மற்றவர்கள் எண்ணி, கட்டி, லேபிள் ஒட்டிய மருந்தை நான் பார்த்த பிறகுதான் வார்டுக்கு அனுப்பலாம். இத்தனை வருடத்தில் என் கண்ணைத் தாண்டி ஒரு பிழையும் போனதில்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு. அந்தக் கண்ணை வேலையில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது.

படத்தில் பந்து எறிகிறவனின் கையுறை இடது கையில் இருந்தது, அடுத்த காட்சியில் வலது கையில். சேற்றில் புரண்டு எழும்பியவனின் சட்டை, அவன் ஓடி முடிப்பதற்குள் தோய்த்து வைத்ததுபோல் வெள்ளை. கோச் கடித்த ஹொட் டோக் மறுபடி வளர்ந்திருந்தது. கோடை காலத்து ஆட்டம் என்கிறார்கள், ஆனால் ஆட்களின் வாயிலிருந்து குளிர்காலத்துப் புகை வருகிறது. ஸ்கோர் போர்டில் ஐந்து என்று இருந்த புள்ளி நான்காகக் குறைந்தது. தொலைபேசியில் விதிகளைத் தேடி வாசித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸில் அந்தப் பக்கத்தின் முறை முடிந்தது. ஆறாவது இன்னிங்ஸில் ஒரே பக்கத்தில் நான்கு பேர் அவுட் ஆனார்கள்.

"நாலாவது ஆள் எப்பிடித் தம்பி அவுட் ஆகிறது? மூண்டோடை முடியவேணும்."

"பகிடிப் படம்தானே அண்ணி," என்றார்.

"பகிடிக்கும் கணக்கு இருக்கு."

படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். முப்பத்தாறு பிழைகள். படப் பிழைகளைச் சேர்க்கிற ஒரு இணையதளத்தில் அவற்றைப் போட்டேன். யாரோ முகம் தெரியாத ஆள் நன்றி எழுதியிருந்தார். அந்த நன்றி எனக்கு ஒரு கிழமைக்குப் போதுமாக இருந்தது. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று என் கணவர் முணுமுணுத்தார். தம்பி அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்தார்.

அந்த மாதத்தில்தான் அவருடைய விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்தது. சமையலறை மேசையில் வைத்து நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர் சொன்ன கதையில் எது எதோடு பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதியிருந்தார்கள். கடற்கரை மீன்வாடியில் வைத்து இராணுவம் அவரையும் கூட்டாளியையும் பிடித்தது ஒரு இடத்தில் ஜூலை, இன்னொரு இடத்தில் ஆகஸ்ட். தடுத்து வைத்தது ஒரு இடத்தில் பதினொரு நாள், இன்னொரு இடத்தில் பன்னிரண்டு. முதலில் கண்ணைக் கட்டினார்களா, முதலில் வாகனத்தில் ஏற்றினார்களா என்பதில் இரண்டு விதமான பதில்.

மாதம் குழம்பியதற்குக் காரணம் எனக்கு உடனே விளங்கியது. மன்னாரில் கத்தோலிக்கர் திகதி வைத்துப் பேசுவதில்லை. "மடுத் திருவிழா முடிஞ்ச கிழமை" என்று சொல்லியிருப்பார். மடு மாதா கோயிலில் ஜூலையில் ஆடித் திருவிழா, ஆகஸ்டில் ஆவணித் திருவிழா. விண்ணப்ப நேர்காணலில் மொழிபெயர்த்தவர் ஒரு நாள் ஒன்றை எழுதினார், மறுநாள் மற்றதை எழுதினார். யாரிடமும் விளக்கிச் சொல்லக்கூடிய பிழை அது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் முதலில் வரவில்லை. எழுதிய ஆளின்மேல் ஒரு மரியாதைதான் வந்தது. என்ன வடிவாகப் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

மேல்முறையீட்டுக்கு நாள் குறித்தார்கள். அதில் தோற்றால் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவரிடம் கேட்கத் தேவையில்லை, அவர் முதுகில் உள்ள தழும்புகளைப் பார்த்தால் போதும். எங்கள் வழக்கறிஞர் ஒரு விஷயத்தை இரண்டு தரம் சொன்னார்: கதையை மனப்பாடம் செய்ய விடாதீர்கள், ஞாபகத்தில் உள்ளதை அவர் பாட்டுக்குச் சொல்லட்டும். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பாடம் தொடங்கும். முதலில் படத்தைப் போடுவேன். அவருடைய படத்தைத்தான்.

"ஸ்கோர் போர்டைப் பாரும். இப்ப என்ன?"

"அஞ்சு."

"இப்ப?"

"நாலு."

"இதைக் கண்டவன் மிச்சப் படத்தை நம்புவானோ?"

"இல்லை அண்ணி."

பிறகு படத்தை நிறுத்திவிட்டு அவர் கதையைச் சொல்ல வைப்பேன். தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாகனம் வெள்ளை என்று சொன்னவர் ஒருநாள், "பச்சையோ தெரியாது அண்ணி, இருட்டுப்பட்டிட்டுது," என்றார். வெள்ளை என்றேன். அவர் வெள்ளை என்றார். பதினொரு நாள் என்று முடிவு செய்ததும் நான்தான்.

அந்தக் கூட்டாளியைப் பற்றி ஒரு இடம் வரும். இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் கூட்டாளி தண்ணீர் கேட்டார். வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்த இடத்தில் தம்பிக்கு அழுகை வரும். மூன்றாவது ஞாயிறு அவர் தண்ணீர் என்று சொல்வதற்கு முன்பே அழத் தொடங்கிவிட்டார்.

"போன கிழமை தண்ணி கேட்டதுக்குப் பிறகுதானே அழுதனீர்," என்றேன். "இண்டைக்கு முன்னுக்கு வந்திட்டுது. ஒரு இடத்திலை அழவேணும், இல்லாட்டி அழக்கூடாது."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். இல்லை. பாடம் விளங்கிய பிள்ளைபோல் தலையாட்டினார். என் கணவர் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு தம்பி அழவில்லை. கடைசி ஞாயிறு அவர் முழுக் கதையையும் ஒரு பிழை இல்லாமல், செபமாலை சொல்கிற குரலில் சொல்லி முடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

விசாரணை நாளில் நானும் என் கணவரும் பின்வரிசையில் இருந்தோம். நீதிபதி கண்ணாடி போட்ட வயதான பெண். தம்பி, நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னார். மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் திருப்பித் திருப்பிக் கேட்டும் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை.

பிறகு நீதிபதி கேட்டார். குரலில் கடுமை இல்லை. அந்த நாட்களில் சாப்பிட என்ன தந்தார்கள்?

அது என் தாளில் இல்லை. தம்பிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியும். சொன்னால் எதனோடாவது பொருந்தாமல் போய்விடுமோ என்று பயந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். அறையில் இருந்த எல்லாரும் அவர் பார்த்த பக்கம் பார்த்தார்கள். பிறகு அவர் முன்னால் திரும்பி, "மடுத் திருவிழா முடிஞ்ச மூண்டாம் நாள், பின்னேரம் ஆறு மணியளவிலை," என்று முதலிலிருந்து தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வதென்று தெரியாமல் நீதிபதியைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு ஐந்து கிழமை கழித்து என் மின்னஞ்சலுக்கு வந்தது. அவருக்கும் வழக்கறிஞருக்கும் நடுவில் எழுத்து வேலை எல்லாம் நான்தானே. மருந்தகத்தின் ஓய்வறையில் நின்றபடி வாசித்தேன். மேல்முறையீடு தள்ளுபடி. இருபத்து மூன்றாவது பந்தியில் காரணம் இருந்தது. சாட்சி தன் வாக்குமூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார், பட்டதைச் சொல்கிற ஒருவர் அப்படிப் பேசுவதில்லை, எளிய கேள்வி ஒன்றுக்குப் பதில் இல்லாமல் பின்னால் இருந்த உறவினரைப் பார்த்தார், ஆகவே நம்ப முடியவில்லை. திருவிழா மாதக் குழப்பத்தை நீதிபதி ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. அப்படிப்பட்ட தடுமாற்றம் இயல்பு என்று எழுதியிருந்தார்.

கீழே வழக்கறிஞரின் குறிப்பு. யாராவது அவரைப் பழக்கினார்களா? அப்படியென்றால் அந்த ஆள் முன்வந்து எழுதித் தந்தால், அதை வைத்து அடுத்த படிக்கு முயன்று பார்க்கலாம். இரண்டு கிழமைதான் அவகாசம்.

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. பிழை விட்டேன் என்று நான் என் வாழ்க்கையில் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. யாரும் பழக்கவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த மருந்துப் பெட்டியைச் சரிபார்க்கப் போனேன்.

பின்னேரம் சமையலறையில் தம்பிக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். இருபத்திரண்டாவது பந்தி முடிந்ததும் இருபத்து நான்காவதுக்குப் போனேன். அவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் எங்கையோ பிழை விட்டிட்டன், என்ன அண்ணி?"

"ஓம் தம்பி," என்றேன். "விட்டிட்டீர்."

"எதிலை?"

"நாள் கணக்கிலை."

கொஞ்ச நேரம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

"நீங்கள் என்னோடை எவ்வளவு மினக்கெட்டனீங்கள். என்னாலை ஏலாமப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பரவாயில்லை என்று சொன்னேன்.